முனியாண்டிக்கு வைத்த ஹவானா

அன்று மலாக்காவில், காஜா பெராங் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பலர் இன்றைக்கு நேரில் கண்டதுபோல் பேசித் திரிகிறார்கள். வீட்டுக்காரர் கலியாணசுந்தரம், ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ருக்மணி. அவர் தம்பி மகள் சீதா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஜாலான் பெண்டஹாரா தெருவில் புகையிலைக் கடை வைத்திருக்கும் ஷரீஃபுதீன், கலியாணசுந்தரத்தின் நெடுநாள் நண்பர், பெண் வீட்டின் சார்பில் வந்தவர். மாப்பிள்ளை வீட்டார் மூவர்: குருபோங் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருக்கும் மாணிக்கவாசகம், அவர் மனைவி சந்திரமதி, அவர்கள் மகன் மருதமுத்து. எட்டாவது ஆள் கிடையாது. கொல்லையில் இருந்த முனியாண்டியைச் சேர்த்தால் எட்டு. அவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திர நாள், கழிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது. ஆவணியின் கடைசி ஞாயிறு. இன்னும் இரண்டு நாளில் புரட்டாசி பிறந்துவிடும். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று கலியாணசுந்தரம் தீர்மானித்திருந்தார். சீதாவுக்கு இருபத்து நான்கு வயது. யுத்தத்தின்போது அவள் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றியபோது, அந்த லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கலியாணசுந்தரம் கொஞ்ச தூரம் ஓடினார். "பாப்பாவை நல்ல இடத்துல குடுத்துடு அண்ணே" என்று தம்பி சொன்னான். "குடுக்குறேன்டா" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அதற்குமேல் அவன் குரலை யாரும் கேட்கவில்லை. முன்பு வந்த இரண்டு வரன்களில் ஒன்று ஜாதகத்தில் நின்றது. இன்னொன்றில் மாப்பிள்ளையே வேறொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். இது மூன்றாவது. இதுவும் நின்றால், பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அன்று எதையும் பொறுத்துக்கொள்வது என்று காலையில் குளிக்கும்போதே மனத்துக்குள் சொல்லிவைத்திருந்தார்.

பொறுத்துக்கொள்ள நிறையவே வந்து சேர்ந்தது.

பத்து மணிக்கு மோரிஸ் மைனர் காரில் வந்து இறங்கிய மாணிக்கவாசகம், மலாக்கா வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கோட்டின் உள்பையைக் கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தது. கூடத்தில் உட்கார்ந்தபின் இன்னொரு தரம் தொட்டது. யாராவது "என்ன அது?" என்று கேட்கட்டும் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் தாமாகவே எடுத்தார். மரச்சீவல்போன்ற மெல்லிய தகட்டில் சுற்றிய ஒரு சுருட்டு. சிவப்பும் பொன்னுமாக இடுப்பில் ஒரு காகித வளையம்.

"துரை கப்பலேறுறதுக்கு முந்தின நாளு என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டாரு, சம்பந்தி. 'மாணிக்கம், இதைப் பிடிக்கத் தெரிஞ்சவன் இந்தத் தோட்டத்துல நீ ஒருத்தன்தான்'னு சொல்லிக் கையில குடுத்தாரு. ஹவானா. கியூபாக்காரன் கையாலயே உருட்டினது. மிஷின் கிஷின் ஒண்ணும் கிடையாது."

"அப்படியா" என்றார் கலியாணசுந்தரம்.

தோட்டத்தில், பாட்டி செத்துப்போனாள் என்று மூன்றாவது முறையாக லீவு கேட்டு நிற்பவனிடம் அவர் சொல்லிவந்த சொல் அது. ஷரீஃபுதீனுக்கு அது தெரியும். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாணிக்கவாசகத்துக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. தகட்டைப் பிரித்துச் சுருட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மேல் இலையில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கவேண்டுமாம், நரம்பு தெரியக்கூடாதாம். மூடியிருக்கும் பக்கம் தலை, திறந்திருக்கும் பக்கம் கால். தலையை நெல்லளவு வெட்டவேண்டும், அதிகம் வெட்டினால் மேல் இலை அவிழ்ந்துவிடும். காலில்தான் நெருப்பு வைக்கவேண்டும். மண்ணெண்ணெய் லைட்டரால் பற்றவைப்பவன் முட்டாள். அந்த நாற்றம் கடைசிவரை வாயில் நிற்கும். புகையை விழுங்கக்கூடாது, வாயில் வைத்துத் திருப்பி வெளியே விடவேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. சாம்பலைத் தட்டக்கூடாது. முதல் பங்கு, நடுப் பங்கு, கடைப் பங்கு என்று மூன்று பங்குக்கும் ருசி வேறு வேறு.

சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. யாரோ துரை சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு சொன்னதை, பக்கத்தில் மருந்துப் பெட்டியுடன் நின்று கேட்டு அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார் என்று கலியாணசுந்தரம் கணித்தார். அவருக்கு இது எதுவும் புதிதல்ல. யுத்தத்துக்கு முந்திய ஒரு கிறிஸ்துமஸில் அவருடைய துரை அவருக்கும் இதுபோல் ஒன்று கொடுத்திருந்தார். அதை அவர் வீட்டின் பின்படியில் உட்கார்ந்து, ஒரே அமர்வில், ஒருவரிடமும் பேசாமல் பிடித்து முடித்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய்க்குள் இருக்கும் ருசியை ஊருக்கு எடுத்துக் காட்டுவது அவர் குடும்பத்தில் பழக்கம் இல்லை.

மாணிக்கவாசகம் சுருட்டைக் காதருகே கொண்டுபோய் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இருவது வருஷமா சுருட்டு விக்கிறேன், டிரெஸ்ஸர் ஐயா" என்றார் ஷரீஃபுதீன். "அது பேசி நான் கேட்டதே இல்லை. என்ன சொல்லுது?"

"ஈரப்பதம் பாக்குறேன், பாய். சத்தம் வந்தா காஞ்சு போச்சுன்னு அர்த்தம். உங்க கடையில விக்கிற திண்டுக்கல் சுருட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. அது மாடு மேய்க்கிறவன் பிடிக்கிறது. தொண்டையை அறுத்துடும்."

கலியாணசுந்தரத்தின் சட்டைப் பையில் இரண்டு திண்டுக்கல் சுருட்டுகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. மாணிக்கவாசகம் அதைப் பார்த்தார். "உங்களைச் சொல்லலை, சம்பந்தி" என்றார்.

"யாரையும் சொல்ல வேணாம், டிரெஸ்ஸர் ஐயா" என்றார் கலியாணசுந்தரம். தட்டு மாற்றும்வரை அவர் யாரையும் சம்பந்தி என்று அழைப்பதில்லை.

எல்லோரும் முகர்ந்து பார்க்கவேண்டும் என்று சுருட்டு ஒரு சுற்று வந்தது. பிறகு சந்திரமதி அதை வாங்கி, தாங்கள் கொண்டுவந்த தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்துக்கு மேலே கிரீடம் வைப்பதுபோல் வைத்தாள். தட்டு மாறியதும் சம்பந்திகள் இருவரும் அதைப் பாதிப் பாதி பிடிப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் மாணிக்கவாசகம். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பேச்செல்லாம் நடந்தபோது ருக்மணி அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை. வந்தாள், வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, சாமிக்குக் காட்டி வைக்க உள்ளே போனாள்.

அந்த வீட்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கொல்லையில் பலா மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. பழைய தோட்டத்தில் மரம் அழித்து மறுநடவு செய்தபோது, தோட்டத்து முனியாண்டியைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். கலியாணசுந்தரம் மாட்டு வண்டி வைத்து எடுத்துவந்து இங்கே நிறுத்தினார். கிராணி வீட்டில் கூலிக்காரன் சாமியா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். "என் அப்பா கூலிக்காரர்தான்" என்று சொல்லி அனுப்பினார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோட்டத்து ஆட்கள் நேர்த்திக்கடனுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், சுருட்டு கொண்டுவருவார்கள். ருக்மணிதான் வாங்கிக்கொண்டுபோய் வைப்பாள். கல்லில் வாய் இருக்கும் இடத்தில் ஒரு துளை உண்டு. சுருட்டைக் கற்பூரத்தில் பற்றவைத்து அந்தத் துளையில் செருகவேண்டும். அது தானாக அணையும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. அவர் பிடித்து முடித்தார் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை. தாம்பாளம். வெற்றிலை, பழம், மேலே ஒரு சுருட்டு. ருக்மணி அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. உள்ளே முருகன் படத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கை வைத்தாள். முருகனுக்குச் சுருட்டு வைக்க முடியாது. எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கூடத்தில் சீதா காப்பி கொண்டுவந்து கொடுத்து, எல்லோரையும் வணங்கி நின்றாள்.

"உக்காரும்மா" என்றார் மாணிக்கவாசகம். "எங்க வீட்ல நான் சுருட்டுப் பிடிப்பேன். வாசம் உனக்கு ஒத்துக்குமா?"

"பெரியப்பா பிடிக்கிற வீட்லதான் வளந்தேன்" என்றாள் சீதா.

"அது சுருட்டு இல்லைம்மா. அது கொள்ளிக்கட்டை."

மருதமுத்து சிரித்தான். அவன் அன்று வாய் திறந்தது அதுவே முதல் முறை. கலியாணசுந்தரம் காப்பியை ஒரு வாய் குடித்தார். லாரிப் பலகையை நினைத்துக்கொண்டார். பொறுத்தார்.

அப்போதுதான் பின்பக்க ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது.

மாணிக்கவாசகத்தைப் பற்றி என்ன சொன்னாலும், அந்தச் சுருட்டைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. அது நல்ல சுருட்டு. மழை விட்ட பிறகு பழைய மர அலமாரியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு மணம். அடியில் கொஞ்சம் வறுத்த காப்பிக்கொட்டை. அதற்கும் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு. காரம் இருந்தும் கண்ணைக் குத்தவில்லை. கலியாணசுந்தரத்தின் நாக்கு அவரைக் கேட்காமலே ஈரமாயிற்று. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகும் அவருக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

சுருட்டு ஞானியான மாணிக்கவாசகத்துக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை. "யாரோ நல்ல சாம்பிராணி போடுறாங்கபோல" என்றார். சந்திரமதிதான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, நம்ம சுருட்டுங்க!" என்று கத்தினாள்.

எல்லோரும் கொல்லைக்கு ஓடினார்கள். கலியாணசுந்தரம் ஓடவில்லை, நடந்தார். பலா மரத்தடியில் ருக்மணி கைகூப்பி நின்றாள். முனியாண்டியின் வாயில் ஹவானா செருகியிருந்தது. நீலப்புகை நூலாக மேலே போய்க்கொண்டிருந்தது. காகிதம் சாமி முன்னால் எரியக்கூடாது என்று பொன் வளையத்தைக் கழற்றித் தனியாக ஓர் இலையில் வைத்திருந்தாள்.

"யாரம்மா இந்த வேலையைச் செஞ்சது?" என்றார் மாணிக்கவாசகம்.

ருக்மணி திகைத்துப்போனாள். "சாமிக்குன்னுதானே தாம்பாளத்துல வெச்சுக் கொண்டாந்தீங்க?"

"சாமிக்கா! துரை கொடுத்த ஹவானாவை நான் இந்தக் கல்லுக்கா கொண்டாருவேன்?"

அந்த நிமிஷத்தில் கலியாணசுந்தரம் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். தவறு தம் வீட்டுத் தவறு. விருந்தாளியின் பொருள் கைமாறிவிட்டது. 'எங்க பிழைதான், பொறுத்துக்குங்க' என்ற சொற்களை அவர் வாயருகே கொண்டுவந்துவிட்டார். ஆயுளில் நாலைந்து முறைதான் அந்தச் சொற்களை அவர் பயன்படுத்தியிருப்பார். அவை வெளியே வருவதற்குள் மாணிக்கவாசகத்தின் கை சுருட்டை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க, டிரெஸ்ஸர் ஐயா. அது அணையணும்" என்றார் கலியாணசுந்தரம்.

"அணைஞ்ச பிறகு சாம்பலையா பிடிக்கச் சொல்றீங்க? அரை இஞ்சுகூட எரியலை, சம்பந்தி. கல்லுக்கு என்ன தெரியும்? ஹவானாவும் ஒண்ணுதான், கொள்ளிக்கட்டையும் ஒண்ணுதான்."

பிடுங்கினார். முனியாண்டியின் வாயிலிருந்து, விபூதியும் குங்குமமும் ஒட்டியிருந்த சுருட்டைப் பிடுங்கி, கைக்குட்டையால் துடைத்து, தம் வாயில் வைத்துக்கொண்டார். ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். சுருட்டு அணைந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் அவர் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு என்பதை மறந்து, கொல்லன் துருத்திபோல் நாலைந்து இழுப்பு இழுத்தார். பிறகு கண்ணை மூடினார்.

"ஆஹா. முதல் பங்கு. ஏலக்காய்... கொஞ்சம் தோல் வாசம்... இதோ, இதோ மிளகு வருது. நாக்கு நுனியில குளுகுளுன்னு ஒரு மிளகு."

"குளுகுளுன்னு வர்றது மிளகு இல்லை, ஐயா" என்றார் ஷரீஃபுதீன். "அது கற்பூரம்."

"பாய், உங்களுக்கு இந்த ரகம் பழக்கமில்லை."

"இருக்கலாம். ஆனா மூடின பக்கம் தலை, திறந்த பக்கம் கால்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மா தலையில கொள்ளி வெச்சிருக்காங்க. நீங்க இப்ப காலைச் சப்பிக்கிட்டு இருக்கீங்க."

சந்திரமதியே சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனாள். மாணிக்கவாசகம் சுருட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், மறுபடி அப்படியே வாயில் வைத்தார். "நல்ல சுருட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றார்.

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவன் ஊருக்கு நூறு பேர் இருப்பான். அப்படிப்பட்ட மாமனார் வீட்டில் ஒரு பெண் வாழ்ந்துவிடலாம். ஆனால் இன்னொருவருக்கு வைத்ததை அவர் வாயிலிருந்தே பிடுங்குகிற கை வேறு. அவர் பார்த்தது அந்தக் கையைத்தான்.

அந்தக் கை இப்போது அவர் பக்கம் நீண்டது. எச்சில் ஈரத்தோடு, புகையோடு, சுருட்டு அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"இந்தாங்க, சம்பந்தி. நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஒரு இழுப்பு, நான் ஒரு இழுப்பு. தட்டு மாத்தின மாதிரி ஆயிடும். புரட்டாசிக்கு முந்தி முடிச்சாச்சுன்னு வெச்சுக்கலாம்."

வாங்கினால் போதும். சீதாவின் கல்யாணம் முடிந்த மாதிரி. தம்பிக்குச் சொன்ன சொல் நின்ற மாதிரி. அந்த மணமும் கூப்பிட்டது. கலியாணசுந்தரம் சுருட்டைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். பலா மரத்தின் அந்தப் பக்கம் நின்ற மருதமுத்து, படித்தவன், நில அளவை ஆபீசில் வேலை பார்ப்பவன், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். 'அப்பா, வெச்சுடுங்க' என்று சொன்னால், அப்பனை விட்டுவிட்டு மகனுக்காகப் பெண்ணைக் கொடுக்கலாம். அவனுக்காக அவர் காத்திருந்தார். தம் ஆயுளில் அவர் யாருக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

மருதமுத்து வாயைத் திறந்தான்.

"அப்பா, ரெண்டு பேருமே முடிச்சுடாதீங்க. எனக்கும் ஒரு இழுப்பு வையிங்க."

கலியாணசுந்தரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ருக்மணி, அவங்க தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு வா. வந்தது வந்த மாதிரியே போகணும். ஒரு வெத்தலை குறையக் கூடாது."

மாணிக்கவாசகத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "என்ன கிராணியாரே, ஒரு சுருட்டுக்காகவா? பொண்ணுக்கு வயசு இருபத்தி நாலு. கைக்கு வந்த மூணாவது இடம். நல்லா யோசிச்சுப் பேசுங்க."

"முப்பத்திரெண்டு வருஷமா யோசிச்சுத்தான் பேசிக்கிட்டு வர்றேன். அடுத்தவர் வாயிலேர்ந்து பிடுங்கிச் சப்புற வீட்டுக்கு எங்க பொண்ணு வராது."

"சுதந்திரம் வந்தாச்சு, இன்னும் நீங்க காட்டு முனியைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க!"

"சுதந்திரம் வந்தாச்சு. அதான் துரை வாயிலேர்ந்து விழுந்ததைப் பெருமையா எடுத்துக்கிட்டு வர்ற ஆளுங்ககிட்ட போய் நிக்க வேண்டியதில்லை."

ஷரீஃபுதீன் மெல்ல, "அண்ணே" என்றார். போதும் என்று அர்த்தம். கலியாணசுந்தரம் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. பின்வாசல் நிலையில் சீதா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளைக் கேட்காமல் அவளுடைய கல்யாணத்தைத் தாம் ஒரு நொடியில் உடைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை. பலா இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீதா படியிறங்கி வந்தாள்.

"காரைத் திருப்ப இடம் பத்தாது, பெரியப்பா. வாசல் கேட்டு ரெண்டு கதவையும் திறந்து விடட்டுமா?"

"திறந்து விடும்மா" என்றார் அவர்.

சாப்பாடு சமைத்தது சமைத்தபடி இருந்தது. ஷரீஃபுதீன் மட்டும் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் புரட்டாசி பிறந்தது. தம்பிக்குக் கொடுத்த வாக்கு இன்னும் அவர் தோளில்தான் இருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை, இறக்கிவைக்கவும் இல்லை. சீதா திங்கட்கிழமை வழக்கம்போல் பள்ளிக்குப் போனாள். சக ஆசிரியைகள் கேட்டதற்கு, "எனக்கும் அந்த இடம் வேண்டாம்" என்று சொன்னாளாம். அதை அவரிடம் அவள் சொல்லவில்லை. ஷரீஃபுதீன் வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தது.

பக்கத்து ஊரான புக்கிட் காதில்வரை இதைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் பதில் சொல்லத் தகுந்தது. மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு, அவர்கள் வீசிவிட்டுப் போன ஹவானாத் துண்டைக் கலியாணசுந்தரம் யாருக்கும் தெரியாமல் எடுத்து, கொல்லையில் உட்கார்ந்து பிடித்தார் என்கிறார்கள். அது பொய். துண்டு எதுவும் அங்கே விழவில்லை. மாணிக்கவாசகம் அதை வாயில் வைத்துக்கொண்டேதான் காரில் ஏறினார்.